தளத்துக்குள் இறங்கும் நிறம்: வீட்டில் ஆசிட் ஸ்டெயின் போடும் முறை

எங்கள் வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தின் கான்கிரீட் தளத்துக்கு மூன்று முறை பெயிண்ட் அடித்துப் பார்த்தேன். மூன்று முறையும் ஒரே கதைதான். முதல் வருடம் பளபளவென்று இருக்கும். அடுத்த வருடம் நாற்காலிக் கால் இழுபடும் இடத்தில் கொப்புளம் எழும். அதற்கடுத்த வருடம் செதில் செதிலாக உரியும். கடைசியில் அத்தனையையும் ரிமூவர் போட்டு அடிவரை எடுத்துவிட்டு ஆசிட் ஸ்டெயின் போட்டேன். ஒன்பது வருடம் ஆகிறது. மேலே பூசும் சீலரை, அதாவது தளத்தைக் காக்கும் நிறமற்ற பூச்சை மட்டும் அவ்வப்போது புதுப்பிக்கிறேன், நிறத்தில் கை வைக்கவே தேவைப்படவில்லை. அதன் பிறகு உள்ளறை ஒன்று, சாமான் அறை, வண்டி நிறுத்தும் இடம் என்று இன்னும் மூன்று தளங்களுக்கு நானே போட்டேன். அந்த நான்கு தளங்களில் கற்றுக்கொண்டதை, தப்புச் செய்ததையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் இந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகிறது. இறுகிய தளத்தின் நுண்துளைகளில் அது தங்கியிருக்கும். ஆசிட் ஸ்டெயினில் இருப்பது தண்ணீரில் கரைந்த உலோக உப்புகளும் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். அமிலம் மேற்பரப்பைச் சற்றே அரித்துத் திறந்துவிடும். உலோக உப்புகள் உள்ளே இறங்கிச் சுண்ணாம்போடு வினைபுரிந்து, தண்ணீரில் கரையாத நிறப்பொருளாக மாறி அங்கேயே படிந்துவிடும். இரும்பு உப்பு பொன்மஞ்சளும் செம்பழுப்பும் தரும். மாங்கனீசு அடர்பழுப்பும் கறுப்பும் தரும். நீலம், பச்சை எல்லாம் செம்பு உப்பின் வேலை. ஆக, நிறத்தில் பாதி டப்பாவிலிருந்து வருகிறது, மீதிப் பாதி உங்கள் தளத்திலிருந்து வருகிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சுண்ணாம்பு அதிகமுள்ள இடத்தில் நிறம் அடர்ந்து விழும், குறைந்த இடத்தில் வெளிறும். கரணையால் அழுத்தி மழமழப்பாக்கிய இடம் ஒரு மாதிரி, சொரசொரப்பாக விட்ட இடம் வேறு மாதிரி வரும். ஒரே சீரான நிறம் வேண்டுபவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், அவர்களுக்குப் பெயிண்டோ டைல்ஸோ இருக்கிறது. மேகம் மேகமாக, பழைய தோலைப் போல, கல்லின் வரி போல வரும் அந்தச் சீரின்மைதான் இதன் அழகு. தாழ்வாரத்தைப் பார்த்த அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து தடவிப் பார்த்தாள். “இது எந்தக் கல்லுடா?” என்று கேட்டாள். பழைய தளமேதான் அக்கா என்றால் நம்பவில்லை.

தளம் ஏற்குமா?

ஒரு கரண்டித் தண்ணீரை நாலைந்து இடங்களில் தளத்தில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் பரவி, ஒரு நிமிடத்துக்குள் அந்த இடம் கறுத்தால் ஸ்டெயினும் உள்ளே இறங்கும். முத்து முத்தாக உருண்டு நின்றால் அங்கே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய சீலராக இருக்கலாம், தளம் போட்டபோது ஈரம் சீக்கிரம் போகாமலிருக்கத் தெளித்த க்யூரிங் மருந்தாக இருக்கலாம், எண்ணெய், மெழுகு, டைல்ஸ் பசையாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதை எடுக்காமல் ஸ்டெயின் போட்டால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். எண்ணெய்க் கறைக்கு டிகிரீசர் என்னும் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி போட்டுத் தேய்த்து, சோப்புத்தன்மை போகும்வரை கழுவ வேண்டும். சீலருக்கும் பெயிண்டுக்கும் அதற்கான ரிமூவர்தான் வழி.

இங்கே ஒரு எச்சரிக்கை. தளத்தைச் சுத்தம் செய்யக் கடையில் கிடைக்கும் ஆசிட்டை ஊற்றிக் கழுவச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். மற்ற வேலைக்கு அது சரியாக இருக்கலாம், ஆசிட் ஸ்டெயினுக்கு முன்னால் அதைச் செய்யவே கூடாது. நிறம் தர வேண்டிய சுண்ணாம்பை அந்த ஆசிட் முதலிலேயே தின்றுவிடும். பிறகு நல்ல ஸ்டெயினைப் போட்டாலும் நோயாளி முகம் போல வெளிறித்தான் வரும்.

புதிய தளமென்றால் குறைந்தது 28 நாள் கழியட்டும். பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்து மேற்பரப்பு தேய்ந்து மணலும் ஜல்லியும் தெரியும் தளத்தில் சுண்ணாம்பு குறைந்திருக்கும், அதில் நிறம் மங்கலாகவே வரும். இன்னொன்று, விரிசலையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் ஸ்டெயின் மறைக்காது. ஒட்டுப் போட்ட கலவை வேறு, பழைய கலவை வேறு என்பதால் இரண்டும் இரண்டு நிறத்தில் வரும். என் சாமான் அறையில் குழாய் போட வெட்டி மூடிய ஒரு பட்டை இருந்தது. அது இன்றைக்கும் ஒரு அடி அகலத்துக்குத் தனியாகத் தெரிகிறது. அப்படி இருந்தால் அதை மறைக்கப் போராடுவதை விட, தளத்தில் கோடு வெட்டி அந்தப் பட்டையை ஒரு பார்டராக மாற்றிவிடுவது நல்லது.

மாதிரி போடாமல் தொடங்காதீர்கள்

நிற அட்டையில் பார்த்தது உங்கள் தளத்தில் வரும் என்று எண்ணாதீர்கள். அந்த அட்டை வேறொரு கான்கிரீட்டில் போட்டது. அதே தளத்தில், பீரோ அடியிலோ கதவுக்குப் பின்னாலோ, ஒரு சதுர அடியில் போட்டுப் பாருங்கள். ஸ்டெயினை அப்படியே ஒரு சதுரம், ஒரு பங்கு ஸ்டெயினுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஒன்று, இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒன்று என மூன்று சதுரம் போட்டால் தெளிவாகிவிடும். நீர்க்க வைத்தால் ஸ்டெயினைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஸ்டெயினில் ஊற்றக்கூடாது. மாதிரியை அரைகுறையாக விடாமல், கழுவி, காய்ந்ததும் சீலரும் பூசிப் பாருங்கள். சீலர் விழுந்த பிறகுதான் உண்மை நிறம் தெரியும்.

உள்ளறைக்கு நான் அடர்பழுப்பு வாங்கியிருந்தேன். மாதிரியில் நேராகப் போட்டது கிட்டத்தட்ட கறுப்பாகவே வந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று கலந்ததுதான் மனதில் நினைத்த நிறமாக இருந்தது. மாதிரி போடாமல் இறங்கியிருந்தால் அந்த அறை முழுவதும் இருண்டிருக்கும், திரும்பப் பெறவும் முடியாது. இந்த நிறத்தை அழிக்க ஒரே வழி தளத்தை அரைத்து எடுப்பதுதான்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் ஸ்டெயின் பொதுவாக 50 முதல் 100 சதுர அடி வரை வரும், தளம் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அதைப் பொறுத்தது. செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்புத் தெளிப்பான் போதும், ஆனால் குழல், மூக்கு எல்லாமே பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். பிரஷ்ஷில் இரும்புப் பட்டை இருக்கக்கூடாது. வாளியும் பிளாஸ்டிக் வாளிதான். அமிலம் தாங்கும் ரப்பர் கையுறை, பக்கமெல்லாம் மூடிய கண்ணாடி, ரப்பர் பூட்ஸ், அமில ஆவிக்கென்று உள்ள வடிகட்டி பொருத்திய முகமூடி ஆகியவை வேண்டும். தூசிக்குக் கட்டும் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. சன்னல் கதவையெல்லாம் திறந்து வைத்து, குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வேறு பக்கம் அனுப்பிவிடுங்கள். ஆவி இரும்பையும் விடாது. வண்டி நிறுத்தும் இடத்தில் வேலை செய்தபோது சைக்கிளை ஓரமாக வைத்திருந்தேன், ஒரே வாரத்தில் அதன் சங்கிலி துருப்பிடித்துப் போயிற்று.

ஸ்டெயின் போடும் நாள்

தளத்தைப் பெருக்கி, கழுவி, காயவிடுங்கள். சுவரில் இரண்டு அடி உயரத்துக்குப் பிளாஸ்டிக் தாள் கட்டுங்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டலாம், டேப்பைத் தளத்தில் மட்டும் ஒட்டாதீர்கள். உள்ளறையில் தாள் பறக்காமலிருக்க அதன் கீழ் விளிம்பைத் தளத்தோடு சேர்த்து டேப் ஒட்டினேன். வேலை முடிந்து டேப்பை எடுத்தால் சுவரோரமாக ஒரு விரல் அகலத்துக்கு நேர்கோடாக வெள்ளை நின்றது. டேப் இருந்த இடத்தில் ஸ்டெயின் படவில்லை, டேப்பை எடுத்துவிட்டுத் தொட்டுப் பூசியும் பசை ஒட்டியிருந்ததால் ஏறவில்லை. இப்போது கீழ் விளிம்பை டேப்பாலோ மரச்சட்டத்தாலோ தளத்தோடு அழுத்தாமல், தாளைத் தளத்துக்கு ஒரு நூல் மேலேயே நிறுத்திவிடுகிறேன். மார்பிள், சுண்ணாம்புக்கல் பதித்த இடம் பக்கத்தில் இருந்தால் நன்றாக மூடுங்கள், அமிலம் பட்டால் அது அரித்துவிடும். வெளியே என்றால் செடிகளையும் மூடி வையுங்கள்.

வெளித்தளத்தில் வெயில் ஏறுவதற்கு முன் தொடங்க வேண்டும். சூடேறிய தளத்தில் ஸ்டெயின் வேலை செய்வதற்கு முன்பே காய்ந்துவிடும். எந்த மூலையில் தொடங்கி எந்தக் கதவு வழியாக வெளியேறப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஈரத் தளத்தில் பதிந்த காலடியும் நிறமாக நின்றுவிடும்.

நான் செய்வது இப்படி. நாலடிக்கு நாலடி அளவுக்குத் தெளித்து, உடனே பிரஷ்ஷால் எட்டுப் போடுவது போல வளைத்து வளைத்துத் தேய்ப்பேன். நேராக இழுத்தால் பிரஷ் தடம் விழும். தேய்த்ததும் அதன் மேல் இன்னொரு முறை லேசாகத் தெளித்துப் பிரஷ் தடத்தைக் கலைத்துவிடுவேன். பக்கத்துப் பகுதிக்குப் போகும்போது முந்தைய ஓரம் ஈரமாகவே இருக்க வேண்டும். ஓரம் காய்ந்துவிட்டால் அங்கே ஒரு கோடு விழும், அந்தக் கோடு போகாது. தெளிப்பான் மூக்கிலிருந்து சொட்டுவதும் அப்படித்தான், ஒரு சொட்டு விழுந்த இடத்தில் காசு அளவுக்கு அடர்ந்த வட்டம் வந்துவிடும். அதனால் வேலை நடக்காத நேரத்தில் தெளிப்பானை வாளிக்குள் வைக்கிறேன். பெரிய இடமென்றால் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தெளிக்க, ஒருவர் தேய்க்க.

குனிந்து பார்த்தால் அந்த முதல் சில நிமிடங்கள் பார்க்க அருமையாக இருக்கும். தெளித்ததும் குண்டூசித் தலை அளவுக்குக் குமிழிகள் தளம் முழுக்கப் பொங்கி எழும். காதைக் கிட்டக் கொண்டுபோகாமலே மெல்லிய சொர்ரென்ற சத்தம் கேட்கும். மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீர் போலிருந்த ஸ்டெயின், குமிழி அடங்க அடங்கத் துரு நிறத்துக்கு மாறும். நுரை வந்தால் வினை நடக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் நுரையே இல்லையென்றால் அங்கே அடைப்பு இருக்கிறது. அந்த இடத்தைச் சுரண்டி உடனே இன்னொரு கை போட்டால் சில சமயம் சரியாகும்.

பிறகு தொடாமல் விட வேண்டும். குறைந்தது நாலு மணி நேரம், முடிந்தால் ஒரு இரவு. நிறம் போதவில்லை என்றால் முதல் கை காய்ந்ததும் இரண்டாவது கை போடலாம். இரண்டு நிறம் சேர்ப்பதானால் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. மறுநாள் காலையில் தளம் பார்க்கச் சகிக்காது. சேறு காய்ந்தது போலப் பழுப்புப் பொடி மேலே படிந்திருக்கும். முதல் முறை அதைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. பயப்பட ஒன்றுமில்லை. அது வினையில் மிஞ்சிய வண்டல், நிறம் அதற்கு அடியில் இருக்கிறது.

கழுவுவதில்தான் வேலை கெடும்

இந்த இடத்தில் அவசரப்பட்டதால் என் சாமான் அறை கெட்டது. ஒரு தடவை தண்ணீர் விட்டுத் தள்ளிவிட்டு, காய்ந்ததும் சீலர் பூசிவிட்டேன். மூன்றே வாரத்தில் சீலர் கண்ணாடித் தாள் போல உரிந்து வந்தது. உரிந்த துண்டின் அடிப்பக்கத்தில் அதே பழுப்புப் பொடி அப்பியிருந்தது. சீலர் தளத்தில் ஒட்டவே இல்லை, பொடியில் ஒட்டியிருந்தது. முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி கழுவ நாலு நாள் ஆயிற்று.

முதலில் மிஞ்சிய அமிலத்தை முறிக்க வேண்டும். 20 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ சமையல் சோடாவைக் கரைத்துத் தளம் முழுக்க ஊற்றி, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். மறுபடி நுரைக்கும். நுரை நின்ற பிறகும் இன்னொரு முறை ஊற்றித் தேயுங்கள். பிரஷ்ஷை நன்றாக அழுத்தலாம், உள்ளே இறங்கிய நிறம் தேய்த்து வராது. வருவதெல்லாம் வர வேண்டிய பொடிதான். அப்புறம் சுத்தத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரால் எடுங்கள். துடைப்பத்தால் தள்ளினால் பொடி நுண்துளைக்குள்ளேயே தங்கிவிடும். இப்படி மூன்று நாலு முறை செய்ய வேண்டியிருக்கும்.

போதுமா என்று பார்க்க இரண்டு சோதனை உண்டு. ஈரத் தளத்தில் வெள்ளைத் துணியை அழுத்தித் துடையுங்கள், துணியில் நிறம் ஏறக்கூடாது. கடைசியாக அலசிய தண்ணீரில், அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பிஎச் தாளை நனைத்து, குழாய்த் தண்ணீரில் நனைத்த இன்னொரு தாளோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் அமிலமும் இல்லை, சோடாவும் மிஞ்சவில்லை. கழுவிய நீரில் உலோக உப்பு இருக்கிறது, செம்பு கலந்தது மீனுக்கு நஞ்சு. அதைக் குளத்துக்கோ மழைநீர்க் கால்வாய்க்கோ தோட்டத்துக்கோ விடாதீர்கள். வாக்குவம் கிளீனரால் எடுத்துச் சேர்த்துவைத்து, உங்கள் ஊர்க் கழிவு விதிப்படி அப்புறப்படுத்துங்கள். மிஞ்சிய ஸ்டெயினும் அப்படித்தான். அதை உலோக டப்பாவில் வைக்க வேண்டாம்.

கழுவி முடித்ததும் ஈரத்தோடு ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஈரத் தளத்தில் தெரியும் அந்த நிறம்தான், கிட்டத்தட்ட, சீலருக்குப் பிறகு நிலைக்கும் நிறம். காய்ந்ததும் மங்கிப் போகும், கலங்க வேண்டாம்.

காயவிடுவதும் சீலரும்

மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் தளத்தின் உள்ளே ஈரம் இருக்கும். ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாதபடி மரச்சட்டத்தால் அழுத்தி, ஒரு இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளின் அடியில் முத்து பூத்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் சீலர் போட்டால் அது பால் போல வெளுக்கும். நீலமும் பச்சையும் போட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். செம்பு நிறம், சீலருக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டால் நாளடைவில் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறிவிடும். ஈரம் ஊறும் தளத்துக்கும் திறந்த வெளிக்கும் பழுப்பு வகைகளே நம்பகமானவை.

சீலரை மெல்லிய இரண்டு கையாகப் பூசுங்கள், முதல் கை ஒரு திசை என்றால் இரண்டாவது அதற்குக் குறுக்காக. தடித்த ஒரு கையில் குமிழி அடைத்துக்கொள்ளும். உள்ளறைக்கு அக்ரிலிக் சீலரும் அதன் மேல் தரை மெழுகும் நன்றாக இருக்கின்றன. கரைப்பானில் செய்த அக்ரிலிக் நிறத்தைத் தூக்கிக் காட்டும், ஆனால் அதன் ஆவி தீப்பற்றும், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. வண்டி நிறுத்தும் இடத்தில் சூடான டயர், அக்ரிலிக் படலத்தை ஒட்டியெடுத்துவிடும். அங்கே படலம் கட்டாமல் உள்ளே இறங்கும் சீலரைப் போட்டேன். பளபளப்பு இல்லை, நிறமும் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் இதுவரை ஒரு இடத்திலும் பெயரவில்லை. படிக்கட்டுக்கும் தண்ணீர் புழங்கும் இடத்துக்கும் சீலரில் வழுக்காத பொடி கலந்து பூசுங்கள். ஈரமான அக்ரிலிக் தளம் நன்றாக வழுக்கும், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை விடக்கூடாது.

பூசிய பின் ஒரு நாள் யாரும் நடக்காமலும், மூன்று நாள் கனமான சாமான் வைக்காமலும் பார்த்துக்கொள்கிறேன். சாமானை இழுக்காமல் தூக்கி வையுங்கள், கால்களுக்கு அடியில் துணிப்பட்டை ஒட்டுங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. பெருக்கி, காரமில்லாத சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். மணல் சேரவிடாதீர்கள், அதுதான் சீலரை அரைக்கும். சீலர் இருக்கும்வரை அடியில் இருக்கும் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதிகம் நடக்கும் வாசல் பக்கத்தில் அதே ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பேன். முதலில் முத்தாக நின்றால் கவலைப்பட்டேன், இப்போது முத்தாக நிற்க வேண்டும். தண்ணீர் பரவி தளம் கறுத்தால், அந்த வார இறுதியில் கழுவிக் காயவைத்து இன்னொரு கை சீலர் பூசிவிடுவேன்.